காசை எண்ணுவதா, நிறுப்பதா? 1696-இல் இங்கிலாந்து பட்ட பாடு

கேள்வி இதுதான்: பழைய காலத்தில் வெள்ளிக் காசின் மதிப்பைத் தீர்மானித்தது அரசாங்கமா, காசுக்குள் இருந்த வெள்ளியா? அரசாங்கம்தான் என்றால், கஜானா வறண்டபோதெல்லாம் “இன்று முதல் இந்தக் காசு ஒன்றேகால் மடங்கு” என்று தண்டோரா போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாமே?

“இரண்டும்தான்” என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் நாடாளுமன்றம் மண்டையை உடைத்துக்கொண்ட சம்பவம் ஒன்று உண்டு. 1695-96-இல் இங்கிலாந்தில் நடந்தது. தத்துவவாதி ஜான் லாக் ஒரு பக்கம், கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ் எதிர்ப் பக்கம், நடுவில் நாணயச்சாலைக்குப் பொறுப்பேற்று வந்த ஐசக் நியூட்டன். அதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும். மீதிப் பாதி சென்னையிலும் நம் நகைக்கடையிலும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. அன்றைய இங்கிலாந்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 1601-இலிருந்து ஒரு டிராய் பவுண்டு எடையுள்ள (சுமார் 373 கிராம்) வெள்ளியை 62 ஷில்லிங்காக வெட்ட வேண்டும் என்பது விதி. அந்த வெள்ளி நூற்றுக்கு 92.5 மாற்று, அதாவது நூறு பங்கில் 92.5 பங்கு சுத்த வெள்ளி. ஆக, ஒரு ஷில்லிங் காசு சரியாக இருந்தால் 6 கிராம் நிறுக்கும். இந்த 6 கிராமை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை, காசு அடிக்கும் முறையில் இருந்தது. அடிப்பலகையில் ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு, நடுவில் வெள்ளித் தகடு, சம்மட்டியால் ஓங்கி ஒரு அடி. இப்படிச் செய்த காசு ஒன்றுபோல் இன்னொன்று வராது. வட்டமும் சரியாக இருக்காது, ஓரத்தில் எந்த அடையாளமும் இருக்காது. கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு நூல் அளவு வெட்டி எடுத்தால் யாருக்கும் தெரியாது. நூறு காசில் வெட்டினால் கணிசமான வெள்ளி தேறும். வெட்டிய காசைச் செலவு செய்துவிட்டு, வெட்டியெடுத்த துணுக்குகளை உருக்கிக் கட்டியாக்கி விற்றுவிடலாம். நகை செய்யக் கொடுத்தால் சேதாரம் என்று ஒரு கழிவு போடுவார்களே, அதைப் போல நாட்டின் மொத்தக் காசுக்கும் ஊரார் சேர்ந்து சேதாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்டனை லேசானது அல்ல. காசின் ஓரத்தை வெட்டுவது ராஜத் துரோகம். ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. (காசுக் குற்றத்துக்காகப் பெண்ணைக் கம்பத்தில் கட்டி எரித்தது லண்டனில் கடைசியாக நடந்தது 1789-இல். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே வருஷம்.) இருந்தும் வெட்டு நிற்கவில்லை. வெட்டிய ஷில்லிங்கும் ஒரு ஷில்லிங் என்றே கை மாறிக்கொண்டிருந்தவரை, ஆசை நிற்க வழியில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1660-களில் பியர் ப்ளாண்டோ என்ற பிரெஞ்சுக்காரரின் உதவியோடு இயந்திரம் கொண்டுவந்தார்கள். குதிரைகள் சுற்றும் உருளையில் தகட்டை ஒரே தடிமனாக்கி, திருகு அச்சில் வைத்து அழுத்தி, விளிம்பிலும் எழுத்தோ வரியோ பதித்தார்கள். பெரிய காசுகளின் விளிம்பில் “அலங்காரமும் காவலும்” என்று பொருள்படும் லத்தீன் வாசகம் இருக்கும். ஓரத்தைத் தொட்டால் எழுத்து போய்விடும், திருடன் அகப்பட்டுவிடுவான். இன்றும் பல காசுகளின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் வரிகளுக்கு மூதாதை இதுதான்.

தொழில்நுட்பம் அருமை. ஆனால் ஒரு தப்பு செய்தார்கள். பழைய சம்மட்டிக் காசைத் திரும்பப் பெறவில்லை. வெட்டுப்பட்ட ஷில்லிங்கும் புதிய முழு எடை ஷில்லிங்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. உங்கள் பையில் ஒரு கிழிந்த பத்து ரூபாயும் ஒரு மொடமொடப்பான பத்து ரூபாயும் இருந்தால் பஸ் கண்டக்டரிடம் எதை நீட்டுவீர்கள்? அதேதான். புதுக் காசு பெட்டிக்குள்ளோ குகைக்கோ (தட்டார் உலோகம் உருக்கும் மண்கிண்ணம்) போனது, வெட்டுக் காசு சந்தையில் சுற்றியது. கெட்ட காசு நல்ல காசை விரட்டும் என்ற இந்த விதிக்குக் கிரெஷாம் விதி என்று பெயர். அந்தப் பெயர் வைக்கப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கில வணிகரான கிரெஷாமுக்கு முன்பே கோப்பர்நிக்கஸ் இதை எழுதியிருக்கிறார். ஆம், சூரியனை நடுவில் வைத்த அதே கோப்பர்நிக்கஸ். வானத்தைப் பார்ப்பவர்களுக்குக் காசின் மேல் ஏனோ ஒரு கண்.

இப்படி இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஓடியது. அப்புறம் 1689-இல் பிரான்ஸோடு யுத்தம். படை பிளாண்டர்ஸில், இன்றைய பெல்ஜியம் பக்கம். சம்பளம், தீவனம், வெடிமருந்து எல்லாவற்றுக்கும் அங்கே செல்லுபடியாகும் பணம் வேண்டும், அதாவது வெள்ளி வேண்டும். வெளிநாட்டுக்காரன் உன் ராஜாவின் முகத்தைப் பார்த்து வாங்க மாட்டான், தராசில் வைத்துத்தான் வாங்குவான். 1694-இல் இங்கிலாந்து வங்கி பிறந்ததே இந்த யுத்தச் செலவுக்குக் கடன் திரட்டத்தான். அதன் துணை ஆளுநர் மைக்கேல் காட்ஃப்ரே 1695-இல் படைக்குப் பணம் அனுப்பும் ஏற்பாட்டுக்காக நமூர் முற்றுகைக்கே நேரில் போய், பதுங்குகுழியில் பீரங்கிக் குண்டுபட்டு இறந்தார். வங்கி அதிகாரி போர்க்களத்தில் சாவது அபூர்வம்.

அந்தக் கோடையில்தான் லவுண்ட்ஸ் ஒரு காரியம் செய்தார். வாதம் செய்வதற்கு முன் எடை போட்டார். மே, ஜூன், ஜூலை மூன்று மாதங்களில் கருவூலத்துக்கு வந்த காசு மூட்டைகளில் 572-ஐ எடுத்து நிறுத்தார்கள். மூட்டைக்கு 100 பவுண்டு, மொத்தம் 57,200 பவுண்டு. சட்டப்படி அது சுமார் 6,900 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 3,500 கிலோவுக்குச் சற்று மேல். நாட்டின் காசில் ஏறத்தாழப் பாதி வெள்ளி காணாமல் போயிருந்தது. ஷில்லிங் 6 கிராம் என்றேனே, கையில் இருந்தது 3 கிராம்.

விலைகளும் கோணலாகிக் கிடந்தன. நாணயச்சாலைக் கணக்குப்படி ஒரு அவுன்ஸ் வெள்ளி 62 பென்ஸ். சந்தையில் 77 பென்ஸ். கினி என்ற தங்கக் காசு 1663-இல் 20 ஷில்லிங் என்று தொடங்கியது, 1695 நடுவில் 30 ஷில்லிங்குக்கு ஏறியது. கினியில் தங்கம் கூடவில்லை. வெள்ளிக் காசை வாங்க எல்லோரும் பயந்தார்கள், அவ்வளவுதான்.

லவுண்ட்ஸ் சொன்ன தீர்வு உங்கள் கேள்வியில் இருப்பதேதான். பழைய காசை வாங்கிப் புதிதாக அடிப்போம். ஆனால் காசின் பெயரை உயர்த்திவிடுவோம். இதுவரை 5 ஷில்லிங்காக இருந்த வெள்ளி கிரவுன் காசு இனி 6 ஷில்லிங் 3 பென்ஸ் என்று ஓடட்டும். நூற்றுக்கு 25 ஏற்றம். அப்போது நாணயச்சாலை விலை சந்தை விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும், காசை உருக்கி விற்பவனுக்கு லாபம் இருக்காது, மறுபடி அடிக்கும் நஷ்டமும் குறையும். பழைய ஆவணங்களைத் தோண்டி, இங்கிலாந்து ராஜாக்கள் நூற்றாண்டுகளாக இப்படிக் காசின் வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே வந்திருக்கிறார்கள் என்றும் காட்டினார். அலுவலகக் கோப்பிலேயே வளர்ந்த மனிதரின் வாதம் அது. தத்துவம் இல்லை, முன்னுதாரணம் உண்டு.

லாக் கொதித்துவிட்டார். 1695 கடைசியில் அவர் எழுதிய மறுப்பின் சாரம் இது: பணம் என்பது வெள்ளியின் எடை. ஷில்லிங் என்பது அந்த எடைக்கு வைத்த பெயர். ராஜ முத்திரை என்பது “இதில் இவ்வளவு எடை, இவ்வளவு மாற்று இருக்கிறது” என்ற உத்தரவாதம். ஒரு அடிக்கோலைப் பன்னிரண்டு துண்டுக்குப் பதில் பதினைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அங்குலம் என்று அழைத்தால் அடி நீண்டுவிடுமா? நூறு பவுண்டு கடன் கொடுத்தவன் குறிப்பிட்ட எடை வெள்ளியைக் கொடுத்தான். பெயரை மாற்றி எண்பது பவுண்டு வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் போட்டால், மிச்ச இருபதை அரசாங்கமே கொள்ளையடித்ததற்குச் சமம்.

நம் மொழியில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. லாக்குக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்த ஒரு சொல்லை வைத்தே பாதி நூலை முடித்திருப்பார். (அவர் இங்கிலாந்து வங்கியில் 500 பவுண்டு போட்டிருந்தார், கடன் கொடுத்தவர்கள் கட்சி. குறையாகச் சொல்லவில்லை, தெரிந்திருக்கட்டும்.)

வாதமாகப் பார்த்தால் லாக்கின் எழுத்து அசைக்க முடியாதது போல இருக்கும். எனக்கு அதில் ஒரு ஓட்டை தெரிகிறது. காசில் பாதி வெள்ளி போயிருந்தது. மதிப்பு எடையைப் பொறுத்தது மட்டுமே என்றால், முழு எடையில் 62 பென்ஸ் விற்ற ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு வெட்டுக் காசில் 124 பென்ஸ் கேட்டிருக்க வேண்டும். கேட்டது 77. அதாவது, பாதி எடைக் காசை மக்கள் பாதி மதிப்புக்கு அல்ல, முக்கால் மதிப்புக்கும் மேலாகவே வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடுதல் மதிப்பு எங்கிருந்து வந்தது?

வரி வசூல் மேசையிலிருந்து. வெட்டுப்பட்டதோ தேய்ந்ததோ, காசை வரிக்கு எண்ணி வாங்கிக்கொண்டிருந்தது அரசாங்கம். நான் கொடுக்கும் காசை அடுத்தவன் வாங்குவான், அவன் கொடுப்பதை வரிக்காரன் வாங்குவான் என்ற சங்கிலி அறுபடாதவரை, 3 கிராம் வெள்ளியும் ஷில்லிங்தான். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உள்ளூரில், அரசாங்கம் தானே வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் அளவுக்கு, மதிப்பு அரசாங்கத்தின் கையில் இருந்தது. துறைமுகத்தைத் தாண்டினால் தராசின் கையில். லவுண்ட்ஸ் துறைமுகத்தைக் கண்டு பயந்தார், லாக் வரி மேசையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நியூட்டனிடமும் எழுத்தில் கருத்து கேட்டார்கள். அது லவுண்ட்ஸ் பக்கமே சாய்ந்தது. ஆனால் நிதியமைச்சர் சார்லஸ் மான்டேகுவும் நாடாளுமன்றமும் லாக்கின் பக்கம் போனார்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய சூடு இருந்தது. 1544 முதல் 1551 வரை எட்டாம் ஹென்றியும் அவருக்குப் பின் வந்த அவர் மகனின் அரசும் யுத்தச் செலவுக்காக வெள்ளிக் காசில் செம்பைக் கலந்துகொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் வெள்ளி மூன்றில் ஒரு பங்கு, கடைசியில் கால் பங்கு. காசு தேயத் தேய, மேலே பூசிய வெள்ளி போய், துருத்திக்கொண்டிருந்த ராஜாவின் மூக்கில் முதலில் செம்பு தெரிந்தது. மக்கள் அவருக்குச் “செம்புமூக்கன்” என்று பெயர் வைத்தார்கள். அவர் மகள் எலிசபெத் 1560-61-இல் அந்தக் காசையெல்லாம் மதிப்பிறக்கி, தரம் பிரிக்க ஒன்றில் கோட்டைக் கதவு முத்திரையும் இன்னொன்றில் வேட்டைநாய் முத்திரையும் குத்தி, பிறகு திரும்பப் பெற்றார். காசில் ராஜா கை வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த நாட்டுக்குக் குடும்பக் கதைபோல நினைவில் இருந்தது. லவுண்ட்ஸ் சொன்னது செம்பு கலப்பது அல்ல. ஆனாலும் மூக்கு ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

1696 ஜனவரியில் சட்டம் வந்தது. எல்லா வெட்டுக் காசும் உருக்கப்பட்டு, பழைய எடையிலேயே, அதாவது முழு 6 கிராம் ஷில்லிங்காக, மறுபடி அடிக்கப்படும். மே 4-க்குப் பிறகு வெட்டுக் காசு வரிக்குச் செல்லாது. அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுப்பதென்றால் ஜூன் 24 வரை. அதன் பிறகு எண்ணிக்கை கிடையாது, எடைதான்.

யார் தப்பித்தார்கள், யார் மாட்டினார்கள் என்று இந்தத் தேதிகளிலேயே எழுதியிருக்கிறது. வரி கட்டும் அளவுக்கு நிலம் உள்ளவனும், அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணம் உள்ளவனும், வெட்டுக் காசை முழு மதிப்புக்குத் தள்ளிவிட்டார்கள். நாலு ஷில்லிங் மட்டும் துணியில் முடிந்து வைத்திருந்த கூலிக்காரனுக்கு வரி மேசையும் கிடையாது, கடன் பத்திரமும் கிடையாது. அவன் கழிவு கொடுத்து வேறொருவனிடம் மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது கையில் செல்லாக்காசோடு நிற்க வேண்டும். 2016 நவம்பரில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதைவிட மோசம், பழைய காசு செத்த நாளில் புதுக் காசு பிறந்திருக்கவில்லை. உருக்கி, சுத்திகரித்து, அடித்து வெளியே வர மாதங்கள் ஆகும். 1696 கோடை முழுவதும் சில்லறைப் பஞ்சம். சந்தையில் அன்றாடம் சாமான் வாங்கக்கூடக் காசில்லை என்று ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் புலம்பியிருக்கிறார். கடைக்காரர்கள் கடன் கணக்கில் ஓட்டினார்கள், சில ஊர்களில் கலவரம். பிறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இங்கிலாந்து வங்கி, மே மாதத்தில் தன் நோட்டுகளுக்கு முழுக் காசு கொடுக்க முடியாமல் பகுதி பகுதியாகக் கொடுத்துச் சமாளித்தது.

நஷ்டத்தை யார் ஏற்பது? வெட்டுக் காசை முழு மதிப்புக்கு வாங்கி, முழு எடைக்கு அடித்துக் கொடுத்தால் நடுவில் விழும் பள்ளத்தைக் கருவூலம்தான் நிரப்ப வேண்டும். சுமார் 27 லட்சம் பவுண்டு ஆனது. அதில் ஒரு பகுதியை ஈடுகட்டத்தான் ஜன்னல் வரி போட்டார்கள். வீட்டில் எத்தனை ஜன்னலோ அதற்கேற்ற வரி. எண்ணுவது சுலபம், உள்ளே நுழைய வேண்டாம், தெருவில் நின்றே கணக்கெடுக்கலாம். ஜனங்களும் சாமர்த்தியசாலிகள், ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காசின் ஓரத்தை வெட்டிய பாவத்துக்கு வீட்டுக்குள் இருட்டு. அந்த வரி 1851 வரை இருந்தது. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இன்றும் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள் சில தென்படும்.

நியூட்டன் வருவது இங்கேதான். மான்டேகு அவருக்கு நாணயச்சாலைக் காப்பாளர் பதவியை வாங்கிக் கொடுத்தார். கேம்பிரிட்ஜில் முப்பது வருஷம் இருந்த மனிதருக்கு ஓய்வுக்கால மரியாதை மாதிரியான வேலை அது. சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் லண்டன் டவர் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலையில் போய் உட்கார்ந்து, உலை எத்தனை, குதிரை எத்தனை, ஒரு அச்சு நிமிஷத்துக்கு எத்தனை காசு தட்டும் என்று கணக்கெடுத்தார். பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிடர், நார்விச், யார்க் ஆகிய ஐந்து ஊர்களில் கிளை நாணயச்சாலைகள் திறந்தார்கள். செஸ்டரில் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர். 1699 வாக்கில் ஏறத்தாழ 70 லட்சம் பவுண்டுக்கு வெள்ளிக் காசு புதிதாக அடிக்கப்பட்டு முடிந்தது.

கள்ளக்காசுக்காரர்களைப் பிடிப்பதும் காப்பாளரின் வேலை. முதலில் இந்த வேலையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி நியூட்டன் கேட்டார், விடவில்லை. அப்புறம் புவியீர்ப்பைத் தேடிய அதே பிடிவாதத்தோடு இதிலும் இறங்கிவிட்டார். ஆள் வைத்து உளவு பார்த்து, சிறையில் உட்கார்ந்து வாக்குமூலம் வாங்கி, நாணயச்சாலையையே ஏமாற்றப் பார்த்த வில்லியம் சலோனர் என்ற பலே கில்லாடியை 1699 மார்ச்சில் தூக்குமேடைக்கு அனுப்பினார்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அடித்த முழு எடை வெள்ளிக் காசு என்ன ஆயிற்று? காணாமல் போனது.

லாக் ஜெயித்த பிறகு நடந்ததுதான் இந்தக் கதையின் வேடிக்கை. நாணயச்சாலை விலை அவுன்ஸுக்கு 62 பென்ஸ் என்றே இருந்தது. ஏற்றுமதிக்கு வெள்ளி வாங்குகிறவன் அதைவிட ஓரிரு பென்ஸ் கூடக் கொடுக்கத் தயார். ஆங்கிலக் காசை நாட்டைவிட்டு வெளியே அனுப்பச் சட்டம் தடை செய்தது. வெளிநாட்டு வெள்ளிக் கட்டி என்று சத்தியம் செய்தால் அனுப்பலாம். எனவே புத்தம்புது ஷில்லிங்குகள் இரவில் குகைக்குள் போய், காலையில் “வெளிநாட்டு” வெள்ளிக் கட்டியாக வெளியே வந்தன. முன்பு வெட்டுக் காசை உருக்குவது அவ்வளவு லாபமில்லை. இப்போது ஒவ்வொரு காசும் முழு எடை, உருக்குகிறவனுக்கு வசதி. ராஜ முத்திரை எடைக்கான உத்தரவாதம் என்று லாக் சொன்னார் அல்லவா, அதை எல்லோரையும்விட அதிகம் நம்பியவன் வெள்ளி உருக்குகிறவன்தான்.

அந்த வெள்ளி எங்கே போனது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு பகுதி ஆம்ஸ்டர்டாமுக்கு. இன்னொரு பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சூரத்துக்கும் வங்காளத்துக்கும் சென்னைக்கும். சோழமண்டலக் கரையின் துணிக்கு ஈடாக இங்கிலாந்திடம் கொடுக்கத் தகுந்த சரக்கு அதிகம் இல்லை. அவர்களின் கம்பளி நம் வெயிலுக்கு எதற்கு? வெள்ளி கொடு, துணி எடு. கம்பெனி கிழக்கே அனுப்பியதில் பெரும்பங்கு வெள்ளியாகவே இருந்தது.

இதற்கு ஒரு எண் காரணம். 1717-இல் நியூட்டன், அப்போது நாணயச்சாலைத் தலைவர், கருவூலத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஒரு பங்கு தங்கத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று நாடு நாடாக அடுக்கியிருந்தார். ஸ்பெயின், போர்ச்சுகல் 16. பிரான்ஸ் 15. இந்தியா 12. சீனா, ஜப்பான் 9 அல்லது 10. லண்டனில் ஒரு அவுன்ஸ் தங்கம் விற்றால் கிடைக்கும் வெள்ளியைச் சென்னைக்குக் கொண்டுவந்து மறுபடி தங்கம் வாங்கினால், கப்பல் கூலி போக நல்ல லாபம். எந்தச் சட்டமும் அந்தச் சரிவை நேராக்க முடியாது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் வெள்ளியைக் கிழக்கே இழுப்பது இந்த வித்தியாசம்தான் என்று நியூட்டனே எழுதியிருக்கிறார்.

இங்கிலாந்திலேயே இன்னொரு கோணல், கினி. 30 ஷில்லிங்குக்கு ஏறிய கினியை அரசாங்கம் 1696 பிப்ரவரி தொடங்கி ஏப்ரலுக்குள் 28, 26, 22 என்று படிப்படியாக இறக்கியது. 1699-இல் இன்னும் ஆறு பென்ஸ். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கடைசி இறக்கத்துக்குத் தூக்குமேடையெல்லாம் தேவைப்படவில்லை. கினியை 21 ஷில்லிங் 6 பென்ஸுக்கு மேல் எடுக்காதே என்று வரி வாங்குபவர்களுக்குச் சொன்னார்கள், ஊரே அந்த விலைக்கு வந்தது. மறுபடி அதே வரி மேசை.

அப்படியும் கினி அதிக விலையில்தான் நின்றது. ஐரோப்பிய விகிதப்படி அதிலுள்ள தங்கம் சுமார் 20 ஷில்லிங் 8 பென்ஸ்தான் பெறும் என்று நியூட்டன் கணக்குக் காட்டினார். ஒரேயடியாகக் குறைக்காமல் இப்போதைக்கு 6 பென்ஸ் குறைப்போம், என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்றார். 1717 டிசம்பர் அறிவிப்பில் கினி 21 ஷில்லிங் ஆனது. பார்ப்போம் என்றவர்கள் பார்த்தார்கள், அடுத்த குறைப்பு வரவேயில்லை. தங்கத்துக்கு லண்டனில் கொஞ்சம் கூடுதல் விலை, வெள்ளிக்கு வெளியே கூடுதல் விலை. தங்கம் உள்ளே வந்தது, வெள்ளி வெளியே போனது. இங்கிலாந்து யாரும் முடிவு செய்யாமலே தங்கக் காசு நாடாகிவிட்டது. வெள்ளியைக் காப்பாற்றப் போட்ட எண் தங்கத்தை அரியணையில் ஏற்றிய கதை இது.

லவுண்ட்ஸுக்கு நியாயம் கிடைக்க நூற்று இருபது வருஷம் ஆனது. 1816-இல் இங்கிலாந்து தங்கத்தை மட்டும் அளவுகோலாகச் சட்டத்திலேயே வைத்தது. அதே சட்டத்தில் ஒரு டிராய் பவுண்டு வெள்ளியை 62-க்குப் பதில் 66 ஷில்லிங்காக வெட்டச் சொன்னார்கள். ஷில்லிங்கின் பெயர் அதற்குள் இருக்கும் வெள்ளியைவிடப் பெரிதாயிற்று, உருக்கினால் நஷ்டம். கொடுக்கல் வாங்கலில் 40 ஷில்லிங் வரைதான் அதை ஒருவர் கட்டாயம் வாங்க வேண்டும் என்றும் வரம்பு வைத்தார்கள். அதன் பிறகு வெள்ளிச் சில்லறை ஓடிப்போகவில்லை. இதைத்தான் லவுண்ட்ஸ் வேறு வடிவத்தில் சொன்னார், அன்று தத்துவம் அவரை அடித்துவிட்டது.

சென்னையில் கம்பெனி தன் நாணயச்சாலையில் வராகன், பணம், காசு மூன்றும் அடித்தது. தங்கம், வெள்ளி, செம்பு. கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கடைத்தெருவில் அந்த 42-ஐ யாரும் மதிக்கவில்லை. காசு மாற்றித் தரும் சராப்புகள் தினமும் எடையும் மாற்றும் பார்த்து, வட்டம் (கழிவு) பிடித்து, தங்கள் விலையைச் சொன்னார்கள். லண்டனில் மாதக்கணக்கில் விவாதித்ததை இங்கே சராப்பு திண்ணையில் உட்கார்ந்து அரை நாழிகையில் முடித்தார். இதனால் லாபம் சராப்புக்கு, தலைவலி வரி கட்டும் குடியானவனுக்கு. 1818-இல் கம்பெனி வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் அளவுகோலாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் கட்டியது. அந்தக் கட்டளைக்குப் பல்லாக இருந்தது எது என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: நிலவரி.

கடைசியாக, நகைக்கடை என்றேனே. கினியின் எடையை நிர்ணயித்த விதி இது: ஒரு டிராய் பவுண்டு 22 காரட் தங்கத்தில் நாற்பத்து நாலரை கினி. ஒரு கினி சுமார் 8.39 கிராம். அதன் விலை 21 ஷில்லிங் என்று 1717-இல் நின்றுபோனது. நூறு வருஷம் கழித்து, 1817-இல், 20 ஷில்லிங்குக்கு ஒரு தங்கக் காசு வேண்டும் என்று சாவரினை அடித்தபோது அதே விகிதத்தையே எடுத்துக்கொண்டார்கள். கினியின் எடையில் 21-இல் 20 பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 7.988 கிராம் வரும். அந்த சாவரின்தான் நம் ஊருக்கு வந்து சவரன் ஆனது, பவுன் ஆனது. 21 ஷில்லிங்குக்குப் பதில் இன்னும் நாலு பென்ஸ் இறக்கி நியூட்டன் தன் கணக்கை முழுசாக முடித்திருந்தால், அதே கணக்கில் ஒரு பவுன் 8.1 கிராமைத் தாண்டியிருக்கும். அவர் பாதியில் நிறுத்தியதால் 7.988, நகைக்கடையில் அது 8.